உறைநிலத்தில் ஒரு சிற்றூர்

பள்ளி நாளில் நான் மனனம் செய்த ஊர்ப்பெயர்களுள் ஒன்று வெர்கோயான்ஸ்க். உலகின் கடுங்குளிர் ஊர்களுள் ஒன்று என்பதற்குமேல் அதனைப்பற்றி எதுவும் அறியேன்.

சைபீரியாவில், ஆர்க்டிக் வட்டத்திற்கு வடக்கே, யானா ஆற்றங்கரையில் உள்ளது அவ்வூர். 1638இல் கோசாக்கியர் அமைத்த குளிர்காலத் தங்குமிடமே அதன் தொடக்கம். பின்னர் ஜார் மன்னர்களின் அரசு அதனைத் தண்டனை நிலமாக்கியது. அங்கு நாடுகடத்தப்பட்ட இவான் குத்யகோவ், யாகூத் மொழி பயின்று அம்மக்களின் கதைகளையும் பாடல்களையும் தொகுத்தார். சிறையென விதிக்கப்பட்ட மண்ணில் அவர் கண்டது ஓர் இலக்கியம்!

குதிரையும் மாடும் வளர்த்து, மென்மயிர் விலங்குகளை வேட்டையாடி வாழ்ந்த அம்மக்களுக்குக் குளிர் தண்டனையன்று, துணை. உறைந்த ஆறு அவர்களுக்குச் சாலை. உறைந்த நிலம் உணவறை.

1892இல் அங்கே வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 67.8 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. 2020 ஜூன் 20 அன்றோ 38 டிகிரி வரை ஏறியது! வெப்பம் மிகுந்தால் அவ்வூருக்கு நன்மையே என்று முன்பு எண்ணியிருப்பேன். நிலத்தடிப் பனி உருகினால் அதன்மேல் நிற்கும் வீடுகள் சாயும், உணவறை கெடும்.

எண்ணால் மட்டும் அறிந்திருந்த ஊரை மனிதர்களால் அறிந்தபின், அதன் குளிர் நிலைக்கவேண்டும் என்றே மனம் விழைகிறது.