திறந்திருந்த கிரயப்பத்திரம்

தியானப் பகுதி: எரேமியா 32:6-15



ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு சென்ட் நிலம் வாங்குவதற்கு முன் நாம் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கிறோம், தாய்ப்பத்திரத்தைக் கேட்கிறோம். இன்று நம் பகுதியில் மண்ணில் இல்லாத ஒரு சொத்தும் கைமாறுகிறது. அது இணையதள முகவரியாகிய டொமைன் பெயர். குறைந்த தொகைக்குப் பதிவு செய்த பெயரைப் பன்மடங்கு விலைக்கு மறுவிற்பனை செய்வோர் உண்டு.

நம் சபை வாலிபர் ஒருவர் இத்தொழிலில் இருக்கிறார். அவருடைய சம்மதத்தோடே எழுதுகிறேன். சிப்காட் அருகே உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு பட்டறையார் தம் முகவரியைப் புதுப்பிக்கத் தவறினார். அதை இவர் தம் பெயரில் பதிவு செய்துகொண்டு பெருந்தொகை கேட்டிருக்கிறார். "முந்தினவருக்கே பெயர் என்பதுதானே விதி, ஐயா? இதில் பாவம் எங்கே?" என்று என்னிடம் கேட்டார்.

வாங்கி விற்பது பாவமன்று. எவருக்கும் தனியுரிமை இல்லாத பொதுச்சொல்லை முன்யோசனையோடு பதிவு செய்து லாபத்துக்கு விற்பவர் வியாபாரியே. ஆனால் அந்தப் பட்டறையின் பெயர் பல ஆண்டு உழைப்பால் சம்பாதித்த பெயர். ஆலைகளின் ஆர்டர்கள் அந்த முகவரிக்கே வருகின்றன. அதைப் பிடித்து வைப்பவர் அங்கே வேலை செய்யும் குடும்பங்களின் கூலியையும் சேர்த்தே பிடித்து வைக்கிறார். "செலவான பணத்தை மட்டும் பெற்றுக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடு, தம்பி" என்றேன்.

சட்டமும் முந்தினவர் யார் என்பதை மட்டும் பார்ப்பதில்லை. சென்னையின் சத்யம் இன்ஃபோவே நிறுவனம் 1999-இல் 'சிஃபி' என்ற சொல்லைக் கொண்ட முகவரிகளைப் பதிவு செய்திருந்தது. பின்னர் வேறொரு நிறுவனம் ஏறத்தாழ அதே ஒலியுள்ள முகவரிகளைப் பதிவு செய்தது. பெங்களூரு உரிமையியல் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு, கர்நாடக உயர் நீதிமன்றத்தைக் கடந்து உச்ச நீதிமன்றம் சென்றது. டொமைன் பெயரும் வணிக அடையாளமே. பிறர் நற்பெயரைத் தனதாகக் காட்டுவதைத் தடுக்கும் சட்டம் அதற்கும் பொருந்தும் என்று 2004 மே 6 அன்று தீர்ப்பாயிற்று. '.இன்' முகவரிகளுக்கு நிக்சி அமைப்பின் தகராறுத் தீர்வு விதிகள் உண்டு. தீய நோக்கோடு பதிவு செய்தது மெய்ப்பிக்கப்பட்டால், நடுவர் பெயரை உரியவருக்கு மாற்ற உத்தரவிடலாம். அதற்குள் அதை விலை கொடுத்து வாங்கியவரின் கதி என்ன?

இங்கேதான் எரேமியா நமக்குப் போதிக்கிறார். எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்தது, அவரோ காவலில் இருந்தார். அந்நாளிலும் ஆனதோத்திலுள்ள நிலத்தை அனாமெயேலிடம் 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து வாங்கினார். சாட்சிகள் கையொப்பமிட்டார்கள். முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று என இரண்டு இருந்தன. இரண்டையும் மண்பாண்டத்தில் வைத்துப் பாதுகாக்கும்படி பாருக்கிடம் சொன்னார். மறைப்பதற்கு ஒன்றும் இல்லாத கிரயம் அது.

டொமைன் பெயரை வாங்குகிறவருக்கும் அந்தத் திறந்த பத்திரத்தைக் கேட்கும் உரிமை உண்டு. பெயர் உண்மையில் யார் வசம் உள்ளது, எந்நாளில் காலாவதியாகிறது, அதன்மேல் தகராறு உண்டா, முன்பு மோசடிக்குப் பயன்பட்டதா என்று கேளுங்கள். '.காம்' பெயரை ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்கே பதிவு செய்ய இயலும். நிலத்தைப்போல் அது நிரந்தரச் சொத்தன்று. பெயர் உங்கள் வசம் மாறும்வரை பணத்தை நம்பகமான நடுநிலையாளரிடம் வைப்பது நலம். விற்கிறவரோ, கேட்கப்படாத குறையையும் தாமே முன்வந்து சொல்லக் கடமைப்பட்டவர்.

இவ்வாரம் நம் கொடுக்கல் வாங்கல்களை எண்ணிப் பார்ப்போம். திறந்து காட்டக் கூசும் பத்திரம் ஏதேனும் நம் கையில் இருந்தால், அதைச் சரிசெய்யக் கர்த்தர் நமக்குப் பெலன் தருவாராக. ஆமென்.