80 தாண்டினா கழட்டிடலாமே

விக்கிரவாண்டி தாண்டி ஒரு சார்ஜிங் ஸ்டேஷன்ல நிக்கிறேன்.
ரெண்டு கன்ல ஒன்னுதான் வேலை செய்யுது.

அதுல மாட்டியிருக்கிற வண்டி 91%. ஓனர் உள்ள சாப்பிட்டுக்கிட்டிருக்கார்.
ஸ்க்ரீன்ல கிலோவாட் இறங்கிக்கிட்டே வருது. 14... 12... 11.

பேட்டரியோட குணமே அதுதான்.
80% தாண்டினா செல்லுக்குச் சேதம் வரக்கூடாதுன்னு வண்டியே கரண்ட்டைக் குறைச்சு வாங்கும்.
அந்தக் கடைசி 20% ஏறுற நேரத்துல, காலியா வந்த இன்னொரு வண்டி திருச்சி வரைக்கும் போற அளவு ஏத்திக்கிட்டுக் கிளம்பிடும்.
எனக்குப் பின்னால கைக்குழந்தையோட ஒரு குடும்பம் வெயில்ல காத்திருக்கு. பார்க்கவே கஷ்டமா இருக்கு.

100% வேணும்னா வீட்ல போட்டுக்கங்க.
15 ஆம்பியர் பிளக்ல மணிக்கு 3 யூனிட் வாக்குல ஏறும். 40 யூனிட் பேட்டரின்னா ராத்திரி முழுக்க ஆகும். யாருக்கும் இடைஞ்சல் இல்ல.

ஆனா அந்த ஒரு பிளக்தான் நிறைய அபார்ட்மெண்ட்ல கிடைக்க மாட்டேங்குது!
"தீப்பிடிக்கும்"னு ஒரே வார்த்தையில முடிச்சிடறாங்க.
ஒரு கீசர் இழுக்குற லோடுதாங்க அது. என்ன, மணிக்கணக்கா இழுக்கும். அதனால தரமான வயர், எர்த்திங், தனி எம்சிபி கட்டாயம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம்.

வீட்ல வழியில்லாதவங்கதான் ரோட்ல முழுசா ஏத்திக்கிட்டுப் போறாங்களோன்னும் தோணுது.

உங்க அபார்ட்மெண்ட்ல யாராவது பர்மிஷன் வாங்கியிருக்கீங்களா? அசோசியேஷன்ல என்ன சொல்லிப் புரியவச்சீங்க?