பீரங்கிக் கதை

போட்டித் தேர்வு வகுப்புகளில் புவியியல் எடுப்பவன் நான். காம்பியா வரும் நாளில் எனக்குக் கொண்டாட்டம்தான். "ஆங்கிலேயன் ஆற்றில் கப்பலை நிறுத்தி இரண்டு பக்கமும் பீரங்கியால் சுட்டான், குண்டு விழுந்த இடம்தான் எல்லை" என்பேன். வகுப்பே சிரிக்கும். அது கட்டுக்கதை என்று தெரிந்த பிறகும் பல ஆண்டுகள் அதையே சொன்னேன். தெரியாமல் செய்த பிழை என்று தப்பிக்க வழியில்லை. சிரிப்புக்காக அறிந்தே சொன்ன பொய்.

எல்லையை முடிவு செய்தது 1889-இல் பாரிஸில் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்பாடு. கடலோரப் பக்கம் நேர்கோடுகள். உள்ளே போகப் போக ஆற்றின் வளைவுகளை ஒட்டி, இரு கரையிலிருந்தும் சுமார் 10 கி.மீ. தள்ளி ஒரு கோடு. அதற்கு முன்பே, 1860களிலும் 70களிலும், இந்த நிலத்தைப் பிரான்சுக்குக் கொடுத்துவிட்டு வேறு இடம் வாங்கிக்கொள்ள லண்டன் பேரம் பேசியிருந்தது. கைமாற்றிவிட நினைத்த மனைக்கு யார் அக்கறையாக வேலி போடுவார்கள்? மிஞ்சியது ஏறத்தாழ 11,300 ச.கி.மீ.; ஆப்பிரிக்கப் பெருநிலத்திலேயே மிகச் சிறிய நாடு. அகலம் சுமார் 50 கி.மீ.க்கு மேல் போகாது. கடலை விட்டால் மூன்று பக்கமும் செனகல்.

ஆற்றைப் பற்றி நான் பேசியதே இல்லை. கினியாவின் ஃபூட்டா ஜாலோன் மேட்டில் பிறந்து 1,100 கி.மீ. ஓடி வருகிறது. நாடு அவ்வளவு தாழ்வான தரை என்பதால், மழையில்லாத மாதங்களில் கடலின் உப்பு 200 கி.மீ. வரை உள்ளே ஏறிவிடும். கீழ்ப்பகுதியில் அலையாத்திக் காடு, ஆண்டு முழுக்க நன்னீர் வேண்டுமென்றால் மேலே போக வேண்டும். உழவன் எங்கே எப்போது நெல் நடலாம் என்பதை உப்புதான் சொல்கிறது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை, ஆகவே விட்டுவிட்டேன்.

ஒருமுறை ஒரு மாணவி, "அந்த ஊர்க்காரங்க சும்மாவா சார் இருந்தாங்க?" என்று கேட்டாள். இன்னொரு நகைச்சுவையைச் சொல்லிவிட்டு கினி-பிசாவுக்குத் தாவினேன். சும்மா இருக்கவில்லை என்று எனக்குத் தெரியும். 1900-இல் சங்கண்டி என்ற ஊரில், நெல்வயல் தகராறு ஒன்றைத் தீர்க்கப் போன பிரிட்டிஷ் ஆணையர்கள் இருவர் கொல்லப்பட்டார்கள். மறு ஆண்டே பிரிட்டிஷ் படை வந்து பழிதீர்த்தது. அதன் தொடர்ச்சியாக, புதுக் கோட்டுக்கு அப்பால் பிரெஞ்சுப் பக்கம் இருந்த ஃபோடி கப்பா என்ற தலைவரைப் பிரெஞ்சுப் படை தாக்கிக் கொன்றது. எல்லை போட்ட இரண்டு அரசுகளும் அந்த ஒரு வேலையில் கைகோத்துக்கொண்டன.