116 கிலோவும் ஒரு பலகையும்

நாற்பது ஆண்டுகள் பத்திரிகை ஆசிரிய பீடத்தில் இருந்தவன் நான். இளம் நிருபர்களுக்கு அலுக்காமல் சொல்லிவந்த வார்த்தை ஒன்று உண்டு: “எண்ணைச் சரிபார், பிறகு எழுது.” இறந்தோர் தொகையானாலும் வாக்கு எண்ணிக்கையானாலும் இரண்டு தடவை விசாரிக்காமல் அச்சுக்கு அனுப்பியதில்லை. ஆனால் ஓர் எண்ணை மட்டும் பல வருடங்களாகச் சரிபார்க்காமலே வைத்திருந்தேன். அது என் உடல் நிறை.

முழங்கால் தேய்ந்துவிட்டது, நீண்ட நடையைக் குறைத்து மூட்டில் அதிர்ச்சி விழாத பயிற்சி ஏதேனும் செய்யுங்கள் என்று வைத்தியர் சொன்னார். தண்ணீரின்மேல் நின்றபடி துடுப்பு வலிக்கும் பலகையைப் பற்றி எனக்குச் சொன்னவன் என் தங்கையின் மகன். ஆங்கிலத்தில் ஸ்டாண்ட் அப் பாடில் போர்ட் என்கிறார்கள். ஹவாய்த் தீவுகளில் லெயார்ட் ஹமில்டன் போன்ற அலைச்சறுக்கு வீரர்கள் 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இதைப் பிரபலமாக்கினார்கள். மட்டக்களப்பு வாவியில் தோணியில் நின்றபடி கம்பூன்றிப் போகும் மீனவரைச் சிறுவயது முதல் பார்த்தவனுக்கு, நின்று வலிப்பது ஒரு புதுமையாகத் தோன்றவில்லை. எளிது என்றே நினைத்தேன்.

பாசிக்குடாவில் வாடகைக்குப் பலகை கொடுக்கும் இளைஞன் முதலில் கேட்டது என் நிறையைத்தான். “95 இருக்கும் தம்பி” என்றேன், சற்றும் தயங்காமல். அவன் 10 அடி நீளமும் 30 அங்குல அகலமும் கொண்ட ஒரு கெட்டிப் பலகையை எடுத்துத் தந்தான். கூடவே ஓர் உயிர்காப்பு அங்கி. அதன் கொக்கிகள் என் வயிற்றின்மேல் ஒன்றையொன்று சந்திக்க மறுத்தன. பெரியது கேட்க வெட்கமாக இருந்தது. பூட்டாமலே அணிந்துகொண்டு இறங்கினேன்.

எழுந்து நின்றதும் பலகையின்மேல் தண்ணீர் ஏறி என் கால்விரல்களை நனைத்தது. நான் இடப்பக்கம் மூச்சு விட்டால் பலகை இடப்பக்கம் சாய்ந்தது. மூன்று தடவை விழுந்தேன். மூன்றாந்தடவை அங்கி மேலே எழும்பி என் முகத்தை மூடிக்கொண்டது. பாசிக்குடாவில் வெகுதூரம் வரை இடுப்பளவு தண்ணீர்தான். ஆகவே காலை ஊன்றி எழுந்தேன். ஆழமான இடமாக இருந்திருந்தால் இந்தப் பதிவை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

“பலகை சரியில்லை” என்று வழியெல்லாம் புறுபுறுத்தேன். மருமகன் ஒன்றும் பேசவில்லை. ஊருக்குத் திரும்பும்போது தனக்குத் தெரிந்த ஒருவரின் நெற்களஞ்சியத்தில் வண்டியை நிறுத்தி, மூட்டை நிறுக்கும் தராசில் என்னை ஏறச் சொன்னான். முள் 116இல் நின்றது.

“மாமா, பேப்பரில பிழை போனா அடுத்த நாள் திருத்தம் போடுவீங்கதானே? இதுக்கும் ஒண்டு போடுங்க” என்றான்.

அன்றிரவு காகிதமும் பேனையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆர்க்கிமிடீசு கண்ட விதி பள்ளியில் எல்லோரும் படித்ததே. ஒரு லீற்றர் கொள்ளளவு நன்னீரில் ஏறத்தாழ ஒரு கிலோவைத் தாங்கும். கடல்நீர் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். எனக்குத் தரப்பட்ட பலகை 150 லீற்றர். அதன் சொந்த நிறை 12 கிலோவைக் கழித்தால் மிச்சம் 138. ஆனால் அந்த 138 என்பது பலகை முற்றாக அமிழும் எல்லை. மிதப்பது வேறு, வசதியாக நின்று வலிப்பது வேறு. தாங்கும் அளவில் மூன்றில் இரண்டு பங்குக்குள் நம் நிறை இருக்கவேண்டும் என்பது ஒரு கைக்கணக்கு. அப்படிப் பார்த்தால் 92 வருகிறது. 95 கிலோ மனிதனுக்கு அது ஏறத்தாழப் பொருத்தமான பலகைதான். அந்த இளைஞன் தன் தொழிலைச் சரியாகவே செய்திருந்தான். பிழை என் வாயில் இருந்தது.

இன்னொன்றும் விளங்கியது. பலகையின் விளம்பரத்தில் “அதிகபட்சம் இத்தனை கிலோ” என்று அச்சிட்டிருந்தால், அதை வசதியாக நின்று வலிக்கும் அளவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உடல், உடை, அங்கி, தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் கூட்டிய பிறகும் அந்த எண்ணுக்கு வெகு கீழே நிற்பவரே நிம்மதியாக நிற்பார்.

அடுத்த வாரம் அதே இளைஞனிடம் போய், “தம்பி, 116” என்றேன். அவன் சிரிக்கவில்லை. “அப்ப இதுதான் ஐயாக்குச் சரி” என்று 11 அடி நீளமும் 34 அங்குல அகலமும் 6 அங்குலத் தடிப்பும் உள்ள, காற்றடிக்கும் பலகையைக் கொண்டுவந்தான். உள்ளே பொருத்தமான அங்கி ஒன்றும் இருந்தது. கேட்டிருந்தால் முதல் நாளே கிடைத்திருக்கும்.

பின்னர் சொந்தமாக வாங்கியபோதும் அதே அளவையே தேர்ந்தேன். என்னைப்போன்ற கனத்த சரீரிகளுக்குச் சில குறிப்புகள். அகலம் உறுதியைத் தரும். நீளம் நேராகவும் விரைவாகவும் போக உதவும். 32 முதல் 34 அங்குல அகலம் போதும். அதற்கு மேல் போனால் கால்களை அகட்டி நிற்கவேண்டும், துடுப்பும் எட்டாது. முனை உருண்டும் பின்பகுதி அகன்றும் உள்ள பலகை, வாவிக்கும் சிற்றலைக்கும் ஒருசேரப் பயன்படும்.

காற்றடிக்கும் பலகையின் மேற்பரப்பையும் கீழ்ப்பரப்பையும் ஆயிரக்கணக்கான நூல்கள் உள்ளே பிணைத்திருக்கும்; அதனாலேயே அது பலகைபோல் விறைக்கும். 4 அங்குலத் தடிப்புள்ளது கனத்தவரின் கீழ் நடுவில் வளைந்து வாழைப்பழம் போலாகிவிடும். 6 அங்குலமே வேண்டும். உற்பத்தியாளர் அனுமதிக்கும் அழுத்தத்துக்கு, பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அளவுக்கு, குறையாமல் காற்றடிக்க வேண்டும். கடைசிப் பத்து அடிகளில் கை வலிக்கும். அங்கேதான் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். இந்தப் பலகைகளின் லீற்றர் கணக்கு 300ஐத் தாண்டுவதும் உண்டு. அதை மட்டும் பார்த்து மயங்கவேண்டாம். வளையாமல் நிற்கிறதா என்பதே கேள்வி. துடுப்பு உங்கள் உயரத்தைவிட 8 முதல் 10 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும்.

கிழக்குக் கரையில் இருப்போர் கச்சான் காற்றையும் மறக்கக்கூடாது. அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. பலகையில் நிற்கும் பருத்த மனிதன் ஒரு பாய்மரத்துக்குச் சமம். ஆகவே காலையில் போய், காற்று எழும்புமுன் கரையேறிவிடுவேன். பலகையைக் காலோடு பிணைக்கும் கயிறும், பூட்டிய அங்கியும் இல்லாமல் இறங்குவதில்லை.

இப்போது வாரம் இரண்டு நாள் வலிக்கிறேன். நிறை பெரிதாகக் குறைந்துவிடவில்லை. ஆனால் வைத்தியரின் அறையில் தராசைக் கண்டால், “அடுத்த முறை பார்ப்போம்” என்று நழுவிய பழக்கம் போய்விட்டது. நானாகவே ஏறி நிற்கிறேன்.

திருத்தம்: என் நிறை 95 கிலோ என இதுவரை பலரிடமும் கூறிவந்தது தவறு. 116 என வாசிக்கவும். தவறுக்கு வருந்துகிறேன்.