இரண்டு மின்கம்பத் தூரம்

எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தால், அவர் எந்த மாதிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர் என்று ஓரளவு சொல்லிவிடலாம். சிலர் பல்லில் மஞ்சள் கோடு, சிலர் பல்லில் காவித் திட்டு. எத்தனை துலக்கினாலும் போகாது. பல் முளைக்கும் முன்பே உள்ளே ஏறிய கறை அது. பல்லையாவது உதட்டால் மூடிக்கொள்ளலாம். எலும்பில் ஏறியதை என்ன செய்வது? வயதாகும் முன்பே இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுகிறவர்களையும், கழுத்து திரும்பாமல் உடம்போடு திரும்பிப் பார்க்கிறவர்களையும், குந்தி உட்கார முடியாமல் கழனி வேலையை விட்டவர்களையும் பார்த்தேதான் நாங்கள் வளர்ந்தோம்.

மழை குறைந்த பூமி. அடியில் கருங்கல் பாறை. அந்தப் பாறையில் இருக்கும் ஃப்ளோரைடு மெல்ல மெல்லக் கரைந்து நிலத்தடி நீரில் சேர்கிறது. இந்தியாவில் இந்த எலும்பு நோயை 1937இல் முதன்முதலாக விவரித்தவர்கள் ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும். நோயாளிகள் நெல்லூர் மாவட்டத்தவர்கள். அன்றைக்கு நெல்லூரும் நாங்களும் ஒரே சென்னை மாகாணம். ஃப்ளோரைடு சேரச் சேர எலும்பு கனக்கிறது, உறுதி மட்டும் கூடுவதில்லை. மூட்டுகளைக் கட்டிப் பிடித்திருக்கும் நார்களில் சுண்ணாம்பு படிந்து அவை இறுகிவிடுகின்றன. முற்றினால் தண்டுவட நரம்பையே நெருக்கும்.

இத்தனைக்கும் ஃப்ளோரைடு விஷம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடவும் முடியாது. கொஞ்சமாக இருந்தால் பல்லைச் சொத்தையிலிருந்து காக்கிறது. பற்பசையில் சேர்ப்பது அதனால்தான். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். மூன்றுக்கும் ஆறுக்கும் இடைப்பட்ட தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் எலும்பில் கோளாறு தெரியத் தொடங்கலாம். பத்தைத் தாண்டினால் ஆளையே முடக்கிவிடும். ஒரே பொருள்தான், காப்பதும் கெடுப்பதும் அளவு. இதை நான் தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

எனக்கும் இடுப்பு வலி பல வருடத் துணை. சிறுவயதில் குடித்த கிணற்று நீரின் வேலையா, பிறகு அலுவலக நாற்காலியின் வேலையா என்பதில் எக்ஸ்ரே பார்த்த மருத்துவர்களே ஒத்துப்போகவில்லை. அந்தக் கிணற்று நீருக்கு மாற்றாக, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு 2008இல் அடிக்கல் கண்டு, 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரி எங்கள் குழாய்க்கு வந்தது பெரிய காரியம். ஆனால் எலும்பில் தங்கிய ஃப்ளோரைடு வெளியேற வருடங்கள் ஆகும். தண்ணீர் மாறிய அன்றே வலி மாறாது.

வலியோடு இன்னொன்றும் வந்து உட்கார்ந்தது. எங்கள் பக்கத்தில் அதை யாரும் மனச்சோர்வு என்று சொல்லமாட்டார்கள். "கையும் காலும் அசதியா இருக்கு", "ஒண்ணுமே புடிக்கல", "சோறு தொண்டையில எறங்கல" என்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். வலி தூக்கத்தைக் கெடுக்கும்; தூக்கம் கெட்டால் மனம் சோரும்; மனம் சோர்ந்தால் அதே வலி இரண்டு மடங்காகத் தெரியும். இது கற்பனை இல்லை. முதுகுத்தண்டு வழியே மேலேறும் வலிச் செய்தியை மூளை மேலிருந்தபடியே தணித்து அனுப்புகிறது. அதற்கு உதவும் செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற இரண்டும் மனநிலையோடும் தொடர்புள்ளவை. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளை நாள்பட்ட வலிக்கும் எழுதித் தருவது இதனால்தான். இதை மனநல மருத்துவர் விளக்கிய பிறகுதான், "வலிக்குப் போனா பைத்தியத்துக்கு மாத்திரை குடுத்துட்டாங்க" என்ற வீட்டு முணுமுணுப்பு அடங்கியது.

ஆனால் மாத்திரையோடு சேர்த்து அவர் சொன்ன இன்னொன்று எரிச்சலைக் கிளப்பியது: "தினம் கொஞ்சம் நடங்க." எழுந்து பல் துலக்கவே மலைப்பாக இருக்கிறவளிடம் நடக்கச் சொன்னால்? தெம்பு இருந்தால் நான் ஏன் உங்களிடம் வருகிறேன் என்று கேட்க வாய் வரை வந்தது.

தெம்பு எங்கே கிடைக்கும் என்பதற்கு ஊரில் ஆயத்தமாக ஒரு பதில் உண்டு. "ஒரு பாட்டில் ஏத்திக்கிட்டா சரியாயிடும்." குளுக்கோஸ் பாட்டிலைத்தான் சொல்கிறார்கள். அறுப்பு முடிந்த கையோடு கிளினிக் கட்டிலில் படுத்து, சொட்டு சொட்டாக இறங்குவதைப் பார்த்தபடி தெம்பு ஏறுவதாக நம்புகிறவர்கள் இன்றும் நிறைய. அரை லிட்டர் ஐந்து சதவீதக் குளுக்கோஸில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஒரு கேழ்வரகுக் களி உருண்டையில் அதைவிட அதிகச் சக்தி இருக்கிறது. பாட்டில் தருவது உண்மையில் ஒரு மணி நேரப் படுக்கையும், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொள்வதும்தான். அதுவும் வேண்டியதே, மறுக்கவில்லை. அதற்கு ஊசி தேவையில்லை.

எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம் வேறொரு வைத்தியம் இருந்தது. "வேல செஞ்சா வலி தெரியாது கண்ணு. ஒக்காந்தாத்தான் தெரியும்." சொன்னபடியே செய்வார். நிலக்கடலை பிடுங்குகிற நாட்களில் விடியற்காலை போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். பிறகு சில நாட்கள் திண்ணையை விட்டு எழமாட்டார். வலி கொஞ்சம் விட்டதும் புளி தட்டப் போவார், மறுபடியும் படுக்கை. அவர் சொன்னதில் பாதி உண்மை. அசையாமல் கிடந்தால் வலி கூடத்தான் செய்யும். மறுபாதி என்னவென்றால், அவர் உடம்பு எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதை முடிவு செய்தது கூலியும் காடும், அவர் இல்லை. உழைத்தே தேய்ந்த உடம்புகள் நிறைந்த ஊரில் "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று சொன்னால் கேட்பவருக்குக் கோபம் வருவது நியாயம்தான். உழைப்பு, பயிற்சி இரண்டிலும் உடம்பு அசைகிறது. ஆனால் பயிற்சியில் எங்கே நிறுத்துவது என்பது செய்கிறவர் கையில் இருக்கிறது.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வில்பர்ட் ஃபோர்டைஸ் என்ற உளவியலாளர் நாள்பட்ட வலிக்காரர்களிடம் இதைத்தான் கவனித்தார். வலி தாங்கும் வரை செய்வது, தாங்காமல் போனதும் படுப்பது என்று இருந்தால், வேலைக்குப் பரிசு வலி, வலிக்குப் பரிசு ஓய்வு என்று உடம்பு படித்துக்கொள்கிறது. அதனால் அவர் வரிசையை மாற்றினார். இவ்வளவு என்று முன்பே ஓர் அளவு வைத்துக்கொள், அதை முடி, வலி வந்து நிறுத்தச் சொல்லும் முன் நீயே நிறுத்து, பிறகு ஓய்வெடு. அவருடைய நூல் வந்தது 1976இல். இன்று உலகமெங்கும் வலி மருத்துவமனைகளில் சொல்லித்தரும் பாடத்தில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

என்னைப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் ஃபோர்டைஸ் பெயரைச் சொல்லவில்லை. கேட்டது ஒரே கேள்வி: "ரொம்ப மோசமான நாள்ல எவ்வளவு தூரம் நடப்பீங்க?" நல்ல நாளைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டு வாசலிலிருந்து இரண்டாவது மின்கம்பம் வரை. "அப்போ அதுதான் உங்க அளவு. நல்லா இருக்கற நாள்லயும் அதுக்கு மேல போகாதீங்க. கொஞ்ச வாரம் போகட்டும், கூட்டலாம்."

அந்த இரண்டாவது வாக்கியம்தான் கஷ்டமானது. மோசமான நாளில் நடப்பதைவிட, நல்ல நாளில் இரண்டாவது கம்பத்தில் திரும்புவது கடினம். உடம்பு லேசாக இருக்கும் ஓர் அபூர்வமான சாயங்காலத்தில், இத்தனை நாள் விட்டதையெல்லாம் இன்றே பிடித்துவிடலாம் என்று மனம் பரபரக்கும். அங்கே நிற்கக் கற்றுக்கொள்வதே பாதிப் பயிற்சி. தெம்பு அப்போதுதான் பொரிந்த கோழிக்குஞ்சு மாதிரி. கிடைத்த சந்தோஷத்தில் இறுக்கிப் பிடித்தால் செத்துப்போகும்.

எந்த நேரம் நடப்பது என்பதிலும் ஊர் ஒரே குரலில் பேசும்: நடை என்றால் காலை நடை. சூரியனுக்கு முன்னால் எழாதவர் சோம்பேறி. ஆனால் மனச்சோர்வு உள்ள பலருக்கு விடியற்காலைதான் நாளிலேயே கொடுமையான நேரம். இருட்டோடு விழிப்பு வந்துவிடும், எழ முடியாது. சாயங்காலம் ஆக ஆகக் கொஞ்சம் தெளியும். இது நோயின் குணம். மருத்துவப் புத்தகங்களில் பதிவானது. இப்படிப்பட்டவரை ஐந்து மணிக்கு எழுப்பி ஓட்டுவது, இருப்பதிலேயே கடினமான படியில் முதல் அடி வைக்கச் சொல்வதாகும். நான் வெயில் இறங்கிய பிறகு நடக்கிறேன்.

அந்த நேரத்தில் தெரு முழுக்க வாசலில் உட்கார்ந்திருக்கும். "என்னக்கா, எங்க கெளம்பிட்டீங்க?" காரணம் இல்லாமல் நடக்கும் பெண் எங்கள் ஊருக்குப் புதிது. சர்க்கரை வியாதி என்றால் உடனே ஒத்துக்கொள்கிறார்கள். அதற்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. மனசுக்காக நடக்கிறேன் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. ஒரு வயர்கூடையை எடுத்துக்கொண்டேன். கூடையோடு போகிறவளை யாரும் கேட்பதில்லை. வரும்போது கொத்தமல்லித் தழையோ, இரண்டு தக்காளியோ இருக்கும். சில நாள் ஒன்றும் இருக்காது.

நடை தவிர வேறு மூன்று பயிற்சிகளும் செய்கிறேன். ஃப்ளோரைடு பாதிப்பைக் கண்டறியும் முகாம்களில் மூன்று எளிய சோதனைகள் வைப்பார்கள். முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொட வேண்டும். தாடையை மார்பில் படவைக்க வேண்டும். இரு கைகளையும் உயர்த்தித் தலைக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும். என் பிசியோதெரபிஸ்ட் இந்த மூன்றையும், தொட வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டு, எனக்குப் பயிற்சியாகத் தந்தார். போகிற வரை போதும். இவை எலும்பில் படிந்ததைக் கரைக்காது. மிச்சம் இருக்கும் அசைவைக் காப்பாற்றும், அவ்வளவுதான். பரிசோதனை இல்லாமல் யாரும் இதைத் தொடங்க வேண்டாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். கால் மரத்துப்போவது, பலம் குறைவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது, இரவில் எழுப்பும் வலி, காய்ச்சல் என்று ஏதாவது இருந்தால் நடையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

இதெல்லாம் பலிக்கிறதா? ஆராய்ச்சிகள் நம்பிக்கையாகவே பேசுகின்றன. 2024இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 218 ஆய்வுகளை, 14,170 பேரை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். நடையும் மெதுவோட்டமும், யோகாவும், தசைப் பயிற்சியும் மனச்சோர்வைக் குறைத்தன. பல ஆய்வுகளின் தரம் போதாது என்று அவர்களே ஒப்புக்கொண்டதும் உண்மை. அதே ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு, முதுகு வலி வந்து தேறிய 701 பேரைப் பற்றியது. படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்ப வரும் முன் கிடைத்த இடைவெளியின் இடைநிலை 208 நாள்; மற்றவர்களுக்கு 112 நாள். நான் தேறியவர்கள் கணக்கில் வரமாட்டேன். என் வலி போகவில்லை. ஆனால் வலியைச் சுற்றி இருந்த பயம் குறைந்திருக்கிறது, சோறு இறங்குகிறது, கம்பங்கள் மெல்லக் கூடியிருக்கின்றன. நடக்க முடியாத நாட்கள் இப்போதும் உண்டு. அன்றைக்கு வாசல் வரை போய்த் திரும்புவேன், அல்லது அதுவும் இல்லை. மறுநாள் அதை ஈடுகட்ட மட்டும் முயல்வதில்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில். 2004 வரை அதுவும் எங்கள் தர்மபுரி மாவட்டம்தான். அந்தத் திட்டத்தில் படுக்கையில் கிடப்பவர் வீட்டுக்கே பிசியோதெரபி போகிறது. மனம் உடைந்த நேரத்தில் பேச 14416 என்ற இலவச எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். 2023 நவம்பரில் வந்த 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் மாவட்டத்துக்கு ஒரு நடைபாதை தந்தது. நீளம் எட்டு கிலோமீட்டர்.

எட்டு கிலோமீட்டர் நடக்க முடிந்தவருக்கு அது நல்ல பாதை. என் மாதிரி ஆட்களுக்குத் தேவை வேறு. ஒவ்வொரு நூறு அடிக்கும் ஒரு பெஞ்சு, ஒரு நிழல், பெண்களுக்கு ஒரு கழிப்பறை. ரத்த அழுத்தம் பார்க்க வீட்டுக்கு வரும் ஊழியர் "தூக்கம் வருதாம்மா?" என்று ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்கும் பழக்கம். தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் என்று அளந்து பார்த்து ஒரு நதியையே ஊர் ஊராகத் திருப்பிவிட்ட மாவட்டம் இது. ஓர் உடம்புக்கு எத்தனை அடி என்பதையும் அதே அக்கறையோடு அளந்து சொல்ல ஆள் வேண்டும். அந்த அளவு இரண்டு மின்கம்பம்தான் என்று தெரிந்தால் சிரிக்காமல் இருக்க ஊரும் பழக வேண்டும்.