ஒத்துக்காரர்

தோடி ராகம் என்றதும் எல்லோருக்கும் நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நினைவுக்கு வருவார். எனக்கும் வருவார், ஆனால் இரண்டாவதாக. முதலில் வருவது எங்கள் சன்னதித் தெருவில் நாகஸ்வரக்காரருக்கு ஓரடி பின்னால் நின்று ஒத்து ஊதிய கிழவரின் கன்னங்கள்.

ஒத்து பார்வைக்கு நாகஸ்வரம் போலவே இருக்கும். விரல் வைத்து வாசிக்கத் துளைகள் கிடையாது. அடிப்பக்கத்தில் உள்ள துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதி சேர்ப்பார்கள். அதன் பிறகு ஒரே சுரம்தான், ஆதார ஷட்ஜம். சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி தொடங்கும் முன்பே அது தொடங்கிவிடும். சாமி வீதி சுற்றித் திரும்பி வரும்வரை அறுபடக் கூடாது. கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை வெளியே விட்டபடியே மூக்கால் மூச்சை இழுக்க வேண்டும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அந்தக் கன்னங்கள் உப்பி அடங்குவதை நான் பார்த்துக்கொண்டே நடப்பேன். தெருமுனையில் சாமியை நிறுத்தி ஆலாபனை தொடங்கினால் பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து தலையாட்டுவார்கள். நாகஸ்வரக்காரருக்கு “ஆகா”, தவில்காரருக்கு “பலே”. கிழவரை யாரும் பார்த்ததில்லை.

ஒருநாள் மண்டபத்தில் அவர் சீவாளியை நனைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். “தாத்தா, நடுவுல நிறுத்துனா என்ன ஆகும்?”

“அவரு திரும்பிப் பார்ப்பாரு தம்பி. நிறுத்தாதவரைக்கும் பார்க்க மாட்டாரு.”

குறைப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை. தொழிலைப் பற்றிய ஒரு விவரமாகவே சொன்னார்.

பண்ணை வீட்டார் அவரை “ஏய் ஒத்து” என்று கூப்பிடுவார்கள். எழுபது வயதுக்காரரைப் பத்து வயதுப் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். மேளக்காரர்கள் பெரிய வீட்டு வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்த காலத்தின் மிச்சம் அது. ராஜரத்தினம் பிள்ளை நிமிர்ந்து நின்றது இதற்கு எதிரேதான். குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்தார், சட்டையும் ஷெர்வானியும் போட்டார், மேடையில் உட்கார்ந்து வாசிப்பேன் என்றார். 1947 ஆகஸ்டில் தில்லியில் சுதந்திரக் கொண்டாட்டத்தில் அவருடைய நாகஸ்வரம் ஒலித்தது. செருக்கு என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. எனக்கு அதில் செருக்கு தெரியவில்லை. அவர் ஒருவர் போட்ட சட்டை, பின்னால் வந்த ஒரு தலைமுறை மேளக்காரர்களுக்கும் சட்டையானது. தனியாளாக நிற்பது கூட்டத்தைக் கைவிடுவது என்று சொல்பவர்களுக்கு நான் இவரைத்தான் காட்டுவேன்.

ஆனால் நாகஸ்வரம் மேடைக்கு வந்தபோது ஒத்துக்கு இருந்த இடம் சுருங்கியது. தம்புரா வந்தது, சுருதிப் பெட்டி வந்தது, பிறகு மின்சாரத்தில் ஓடும் பெட்டி. பொத்தானை அமுக்கினால் மூச்சு வாங்காமல் ஒலிக்கிறது. சுருதி சுத்தம், மறுக்கவில்லை. போனது வேறொன்று. நாகஸ்வரம் கற்க வரும் பையனின் கையில் முதலில் தாளத்தையோ ஒத்தையோதான் கொடுப்பார்கள். வருஷக்கணக்கில் குருவுக்குப் பின்னால் நின்று ஒரே சுரத்தை ஊதுவான். ஊதிக்கொண்டே ரக்தி மேளமும் பல்லவியும் காதில் ஏறும். தன் சுரம் அசையாமல் இருந்தால்தான் குருவின் கமகம் எங்கே போய் எங்கே திரும்புகிறது என்பது அவனுக்கு விளங்கும். பெரிய வித்வான்கள் பலர் அப்படி நின்று வந்தவர்கள்தாம். எங்கள் கிழவர் அந்த இடத்திலேயே தங்கிவிட்டார். ஏன் என்று யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். வாசிக்கத் தெரியாதவர் என்று ஊர் தானாகவே முடிவு கட்டியிருந்தது.

அது தவறு என்று எனக்குத் தெரிந்தது ஒரு மழை நாளில். புறப்பாடு நின்று எல்லோரும் மண்டபத்தில் ஒதுங்கியிருந்தபோது, நாகஸ்வரக்காரர் அவரிடம் ஒரு பிடியைப் பாடிக் காட்டி, “இப்படித்தானே மாமா பெரியவர் வாசிப்பாரு?” என்று கேட்டார். கிழவர் தலையசைத்து மறுத்து, மெல்லிய குரலில் வேறு மாதிரி பாடினார். அவர் மூன்று தலைமுறை வாசிப்புக்குப் பின்னால் நின்று கேட்டவர். அந்த மேளத்தின் ஞாபகம் முழுவதும் அவரிடம் இருந்தது.

கூட்டத்தில் ஒருவனுக்கு என்ன இடம் என்று யோசிக்கும்போது நாகஸ்வர வித்வான் ஷேக் சின்ன மௌலானாவும் நினைவுக்கு வருகிறார். 1924இல் ஆந்திரத்தில் பிறந்தவர். நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சாவூர் பாணியைக் கற்று, திருவரங்கத்தில் குடியேறினார். இசுலாமியராக வாழ்ந்துகொண்டே அரங்கன் சன்னதியில் வாசித்தார். தன்னைக் கரைத்துக்கொள்ளாமலே ஒரு மரபுக்குள் முழுதாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

நாகஸ்வரம் என்ற வாத்தியமும் பலருக்குப் பொதுவான ஒன்றிலிருந்துதான் வருகிறது. நரசிங்கப்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைச் செய்யும் ஆச்சா மரம் பெரும்பாலும் இடித்த பழைய வீடுகளின் உத்திரங்களிலிருந்து எடுத்தது. எத்தனையோ வருஷம் ஒரு குடும்பத்தின் கூரையைத் தாங்கிய கட்டை, ஒருவர் கையில் தனிக் குரலாகிறது.

என் மகள் கல்யாணத்துக்கு மேளம் பேசியபோது ஒத்து வேண்டும் என்று கேட்டேன். “ஊத ஆளே இல்லைங்க, பெட்டிதான்” என்றார் நாகஸ்வரக்காரர். அது நடக்கவில்லை. பத்திரிகையிலாவது ஒன்று செய்ய நினைத்தேன். “இன்னார் குழுவினரின் மங்கள இசை” என்று போடுவது வழக்கம். அந்தக் குழுவினருக்குள் இன்னொரு நாகஸ்வரக்காரர், இரண்டு தவில்காரர்கள், தாளம் போடும் பையன் என்று நான்கு பேர் இருக்கிறார்கள். எல்லோர் பெயரையும் போடச் சொன்னேன்.

“சொந்தக்காரங்க பேருக்கே இடம் இல்லையேடா” என்றார் அண்ணன். மேலே இருந்த வாழ்த்துப் பாவை எடுத்துவிட்டு இடம் பண்ணினேன். நாகஸ்வரக்காரர் மூன்று பெயர்களைச் சொல்லிவிட்டு, “தாளம் போடுறவன் பேரு எதுக்குங்க, சின்னப் பையன்” என்றார். கேட்டு வாங்கினேன்.

அன்று சாயங்காலம் அந்தப் பையனே போன் பண்ணினான். “சார், என் பேருக்கு முன்னாடி ஊர்ப் பேரையும் போட்டுடுங்க. வித்வானுங்களுக்கெல்லாம் அப்படித்தான் போடுவாங்க.” போட்டோம். பெயரைவிட ஊர் நீளமாக இருந்ததால் அவனுக்கு மட்டும் தனி வரி ஆயிற்று.