ஒத்தக்கடை வீட்டுக்குக் கட்டில்

அன்புத் தம்பி முத்துவுக்கு,

ஒத்தக்கடை வீட்டுக்கென்று நீ போனில் அனுப்பிய கட்டில், அலமாரி, மேஜை படங்களைப் பார்த்தேன். பார்வைக்கு அம்சமாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஆர்டர் போடுவதற்கு முன்னால் நான் சொல்வதையும் கேட்டுவிடு. போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்த அலமாரி. விவரத்தைப் படித்தேன், பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளையும் சீவலையும் பசை விட்டு அழுத்திய பலகை. மேலே தெரிகிற தேக்கு ரேகை, அச்சடித்து ஒட்டிய தாள். ஓரத்தில் தண்ணீர் ஏறினால் உப்பும், உப்பியது திரும்ப அடங்காது. அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் வாளியோடு இறங்கி வீட்டைக் கழுவிவிடுகிறவள். அந்த அலமாரியின் அடிப்பலகை என்ன பாடுபடும் என்று நீயே யோசி. எங்கள் எதிர்வீட்டில் ஒன்று அப்படித்தான் உப்பிப்போய் கதவு மூடாமல் நிற்கிறது. வீடு மாறும்போது கழற்றி மாட்டினால் திருகாணியும் பழையபடி பிடிக்காது. ஓட்டையிலிருந்து தூள்தான் உதிரும்.

பசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தப் பலகைகளில் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசைதான் சேர்கிறது. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே சொல்லிவிட்டது. பலகையிலிருந்து கசிவது கொஞ்சம்தான். நல்ல கம்பெனிகள் அதையும் கட்டுக்குள் வைக்கின்றன. பயப்படச் சொல்லவில்லை. குழந்தை தூங்குகிற அறை என்பதால், எதுவானாலும் கசிவு குறைந்த ‘ஈ-1’ தரமா என்று கேட்டு வாங்கு.

இதற்குப் பதில் உள்ளூர் ஆசாரியிடம் செய்யச் சொல்லலாம் என்பேன். அதற்காக உள்ளூரில் செய்வதெல்லாம் உள்ளூர் மரம் என்று நினைத்துவிடாதே. மியான்மர் 2014 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து முழு மரத்தை ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. அதனால் "பர்மா தேக்கு சார்" என்று யாராவது சொன்னால் பில்லைக் கேள். மர டிப்போக்களில் கிடக்கிற தேக்குக் கட்டைகள் பல, ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் கப்பலேறி தூத்துக்குடியில் இறங்கியவை. மட்டமென்று சொல்லமாட்டேன். ஆனால் இளமரமாக இருந்தால் ஓரத்தில் வெள்ளை நிறைய இருக்கும். பூச்சி முதலில் அதைத்தான் தின்னும். வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் எடுக்கச் சொல்லி, அறுக்கும்போது நீயே பக்கத்தில் நில்.

உண்மையான பழைய பர்மா தேக்கு வேண்டுமென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குத்தான் போகவேண்டும். செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்தபோது வெளியே வந்த தூண், கதவு, நாற்காலி, ஊஞ்சல் பலகை எல்லாம் அங்கே குவிந்துகிடக்கும். பழசுபோலப் புதிதாகச் செய்ததும் அதற்குள்ளேயே கலந்திருக்கும், கவனம். எனக்கென்னவோ அந்தச் சித்திர வேலைப்பாடெல்லாம் தூசி துடைக்கிறவளுக்குத் தண்டனை.

கட்டிலுக்குத் தேக்கேதான் வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் பக்கத் தோட்டங்களில் நிற்கிற வேம்பும் வாகையும் பூவரசும் எதற்கு இருக்கின்றன? அப்பத்தா வீட்டு நிலைக்கதவு வேம்பு. இன்றைக்கும் செல்லரிக்காமல் நிற்கிறது. ஒன்றே ஒன்று, பச்சை மரமாக இருக்கக்கூடாது. அறுத்த பலகைகளை இடையில் ரீப்பர் வைத்து அடுக்கி, நிழலில் மாதக்கணக்கில் காயவிட்டிருக்கவேண்டும். சித்திரை, வைகாசியில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தொடும். காயாத மரத்தில் செய்த கட்டில் அந்த வெயிலில் முறுக்கிக்கொண்டு நாலு காலில் ஒன்றைத் தூக்கிவிடும்.

மேலூர் ரோட்டில் எனக்குத் தெரிந்த ஆசாரி ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். போன வாரம் போயிருந்தபோது கட்டில் சட்டம் பூட்டிக்கொண்டிருந்தார். கால் கட்டையில் உளியால் சதுரமாகத் துளை எடுத்திருந்தார். சட்டத்தின் நுனியை நாக்குமாதிரிச் செதுக்கி, துளையில் வைத்துப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது. வெளியே உருவி, இழைப்புளியால் ஒரே ஒரு இழுப்பு. தாளைவிட மெல்லிய சீவல் சுருண்டு விழுந்தது. திரும்ப வைத்துக் கொட்டாப்புளியால் நாலு தட்டு தட்டியதும் இடுக்குத் தெரியாமல் இறங்கிவிட்டது. குறுக்கே மூங்கில் ஆணி. இரும்பு ஒன்றுகூட இல்லை. பின்னாளில் ஆடினாலும் அந்த மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்துவிட்டுப் புதிது அடித்தால் போதும்.

அம்மா முட்டிவலிக்காரி என்பதை மறந்துவிட்டாயா? நீ அனுப்பிய கட்டில் தரையோடு தரையாக இருக்கிறது. அதிலிருந்து எழுந்திருக்க அவளுக்கு ஆள் கைகொடுக்கவேண்டும். ஆசாரியிடம் சொன்னால், அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துப் பாதத்திலிருந்து முட்டிவரை அளந்து, மெத்தை கனத்தைக் கழித்துக்கொண்டு கால் உயரத்தை வைப்பார். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. தலைமாட்டில் மாத்திரை டப்பா வைக்க ஒரு சின்னத் தட்டும் சேர்க்கச் சொல்லலாம். கம்பெனிக்காரனிடம் இதைக் கேட்டுப் பார்.

கல்லுப்பட்டி காந்திநிகேதன் ஆசிரமத்துக்கு அப்பா நம்மைக் கூட்டிப்போனது ஞாபகமிருக்கிறதா? 1960-ல் காலமான ஜே.சி. குமரப்பா கடைசிக்காலத்தில் அங்கேதான் இருந்தார். லண்டனில் கணக்கியல் படித்து, அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துவிட்டு, காந்தியோடு சேர்ந்து கிராமத் தொழில்களுக்காக உழைத்தவர். காசைக் கொடுத்ததோடு வாங்கினவர் பொறுப்பு தீராது, பொருள் எப்படி உருவானது, செய்தவருக்கு என்ன கிடைத்தது என்பதிலும் வாங்கினவருக்குப் பங்குண்டு என்பார் குமரப்பா. பக்கத்தில் செய்ததை வாங்கினால்தான் அதெல்லாம் நமக்குத் தெரியவரும் என்பதும் அவர் வாதம். கணக்குப் பார்க்கிற எனக்கு இதில் இன்னொன்றும் படுகிறது. கட்டில் கிரீச்சிட்டால் ஆசாரி பட்டறை வாசலில் போய் நின்று கேட்கலாம். இழுப்பறை சிக்கினால் சைக்கிளில் வந்து இழைத்துக்கொடுத்துவிட்டு, டீக்காசு வாங்கிக்கொண்டு போவார்.

ஆசாரிகள் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்லவரவில்லை. தைக்குத் தருகிறேன் என்று அட்வான்ஸ் வாங்கிய ஒருவர், பங்குனி உத்திரம் வரை "நாளைக்கு, நாளைக்கு" என்று என்னை நடக்கவிட்டார். முகூர்த்த மாதங்களில் சீர்வரிசைக் கட்டில் வேலை வந்துவிட்டால் நம் வேலை மூலையில் கிடக்கும். விலையும் முதலில் கூடுதலாகத்தான் தெரியும். அதனால் மரம் தனி, கூலி தனி என்று பேசு. மரம் கன அடிக் கணக்கு. 6 அடி நீளம், 1 அடி அகலம், 1 அங்குலக் கனமுள்ள பலகை அரைக் கன அடி. இந்தக் கணக்கு தெரிந்தவனிடம் யாரும் கூட்டிச் சொல்லமாட்டார்கள்.

அலமாரிக்கு மரமே வேண்டாம் என்பது என் கட்சி. துணிமணிக்கும் பத்திரத்துக்கும் இரும்பு பீரோதான் சரி. மதுரையிலேயே பட்டறைகள் இருக்கின்றன. திண்டுக்கல்லில் சொல்லிச் செய்தால் பூட்டும் அங்கேயே நல்லதாகப் போடலாம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. தகடு என்ன கனம் என்று கேட்டு, கதவை விரலால் அழுத்திப் பார்த்து வாங்கு. குழந்தையின் மேஜைக்கு மட்டும் நீ அனுப்பியதையே வாங்கிக்கொள். நாலு வருஷத்தில் அவள் வளர்ந்துவிடுவாள், அதற்குப்போய் தேக்கு எதற்கு?

அறையின் நீள அகலம், வாசல் அகலம், ஜன்னல் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது, எல்லாம் அளந்து எழுதி அனுப்பு. ஆவணி முகூர்த்தம் ஆரம்பிப்பதற்குள் ஆசாரியிடம் பேசிவிடலாம். நீ வந்து மரத்தைப் பார்க்கும்வரை யாருக்கும் அட்வான்ஸ் அனுப்பாதே.

அன்புடன்,
அக்கா